மறுமொழி: டெக்கிள் எட்ஜுக்குத் தமிழ் - கூழ்க்கரை?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கையால் செய்த தாளின் மெலிந்து நெளிந்த ஓரத்தை ஆங்கிலத்தில் டெக்கிள் எட்ஜ் (deckle edge) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்குக் கிழிவிளிம்பு, சொரசொர விளிம்பு, இயல்விளிம்பு என்று இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. திருப்பூர் பனியன் வெட்டுத் துணியில் தாள் செய்து, அந்தத் தாளிலேயே புத்தகம் கட்டுகிறவன் நான். அந்த விளிம்பு கிழிந்ததும் இல்லை, தானாக வந்ததும் இல்லை.

துணியை நகக்கண் அளவுக்கு நறுக்கித் தண்ணீரோடு அரைத்தால் கூழ். (ஸ்பாண்டெக்ஸ் கலந்த துண்டுகளை முதலிலேயே பொறுக்கி எறிய வேண்டும், ரப்பர்போல இழுபடுமே தவிர அரைபடாது.) கூழைத் தொட்டியில் கலக்கி, சல்லடைச் சட்டத்தால் முகந்து எடுக்கிறோம். சல்லடையின்மேல் இன்னொரு வெற்றுச் சட்டம் உட்கார்ந்திருக்கும். அதுதான் டெக்கிள், ஜெர்மன் மொழியில் மூடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு சட்டங்களுக்கும் நடுவிலுள்ள மயிரிழைச் சந்தில் கொஞ்சம் கூழ் கசிகிறது. கசிந்த இடத்தில் தாள் மெலிந்துகொண்டே போய், மணலில் ஆற்றுநீர் ஏறி இறங்கிய கோடுபோல நெளிந்து முடிகிறது.

முதலில் 'பிசிர்க்கரை' என்றுதான் எழுதி வைத்திருந்தேன். பனியன் கம்பெனிக்குப் போகும் என் அக்கா சிரித்துவிட்டார். "பிசிரை வெட்டி எறியத்தான் எங்களுக்குக் கூலி. நீ அதற்குப் பட்டம் கட்டுகிறாயா?" அவர் சொன்னது சரி. சென்ற ஆண்டு 12 விசிறிமடிப்புப் புத்தகங்களை அட்டை கட்டுவதற்காக ஒரு பைண்டிங் கடையில் கொடுத்திருந்தேன். "ஓரமெல்லாம் பிசிராக இருந்தது, சுத்தம் செய்துவிட்டோம்" என்று மேல் கீழ் ஓரங்களை நறுக்கிப் பெருமையோடு திருப்பித் தந்தார்கள். பெயரிலேயே கத்தரிக்கோலை வைத்துக் கொடுக்கலாமா?

ஆகவே 'கூழ்க்கரை' என்கிறேன். சேலைக்குக் கரை தறியிலேயே நெய்யப்படுகிறது. தாளுக்கு இது சட்டத்திலேயே அமைகிறது. கரை என்பது நீர் நிற்கும் எல்லையும்கூட. இதை ஏற்றால் மற்றவையும் பின்னால் வந்துவிடும். டெக்கிள் கரைச்சட்டம் ஆகும். அளவுகோலை வைத்துக் கிழித்துப் போலியாகச் செய்வது கிழிகரை. எந்திரத்தில் நறுக்கியது வெட்டுக்கரை. ஆலைக்காரர்களுக்கு டெக்கிள் என்றால் எந்திரத்தில் ஓடும் தாளின் அகலம். கரும்புச் சக்கையில் தாள் செய்யும் காகிதபுரத்திலும் சரி, பள்ளிபாளையத்திலும் சரி, அதைக் கரையகலம் என்று சொல்லிவிடலாம்.

கம்பங்கூழ் நினைவுக்கு வருகிறது என்று ஐயா ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். வரட்டுமே, மரக்கூழ் என்று எழுதும்போது யாருக்கும் பசிப்பதில்லை. ஆனால் நடுவில் இருக்கும் 'க்' விடுபடக் கூடாது. 'கூழ் கரை' என்று எழுதினால் கூழைக் கரைக்கச் சொல்லும் ஏவலாகிவிடும்.

இன்னொன்று நிலுவையில் இருக்கிறது. சல்லடையிலிருந்து ஈரத் தாளைக் கம்பளித் துணிமேல் கவிழ்த்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உருட்டி அழுத்தி எடுப்பதைக் கூச்சிங் என்கிறார்கள். 'கவிழ்ப்பு' என்று குறித்து வைத்திருக்கிறேன். அதில் அந்த உருட்டல் இல்லை. சென்னிமலை, பவானிப் பக்கம் தறிக்காரர் வீடுகளில் இதற்குப் பக்கத்தில் ஏதாவது சொல் புழங்கினால் எழுதுங்கள்.