பீட்டில் ஆயில் பம்ப்: வீட்டிலேயே பம்ப் கியர் மாற்றிய அனுபவம்

எஞ்சின் நன்றாகச் சூடானபின் சிக்னலில் நின்றால், ஆயில் அழுத்தம் குறைவதைக் காட்டும் விளக்கு மினுக்கும். ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டால் அணைந்துவிடும். பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான நோய் இது. என்னிடம் இருப்பது 1968 மாடல், 1500 எஞ்சின். கெட்டியான ஆயில் ஊற்றினால் கொஞ்ச நாள் அடங்கும், அப்புறம் மறுபடியும் மினுக்கும். சரி, இரண்டு கியர் சுழன்று ஆயிலைத் தள்ளும் அந்தப் பம்பையே திறந்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

இந்த எஞ்சினில் ஒரு சௌகரியம், பம்ப் கிராங்க் புல்லிக்குப் பின்னால் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினை இறக்க வேண்டாம். 30 எம்எம் போல்ட்டைக் கழற்றிப் புல்லியை எடுத்து, தகரத்தை நீக்கினால் நான்கு நட்டில் நிற்கும் மூடி தெரியும். மூடியை எடுத்ததும் இரண்டு கியரும் கையோடு வந்துவிடும்.

கியர் பற்களில் பெரிய தேய்மானம் இல்லை. மூடியின் உள்பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. கியர் சுற்றிய இடத்தில் இரண்டு வட்டத் தடம். ஒன்றுக்கொன்று ஒட்டி, எட்டு எழுதியதுபோல் பளபளவென்று இருந்தது. நகத்தால் நெருடினால் விளிம்பு தட்டுப்பட்டது. இந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டர் கிடையாது, வலை மட்டும்தான். வலையைத் தாண்டும் பொடி எல்லாம் நேராகப் பம்புக்குள் போகிறது. இத்தனை வருட ஓட்டத்தில் மூடி தேயாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கியர் வாங்குமுன் கட்டாயம் அளந்து பாருங்கள். கியர்களைப் பம்புக்குள் வைத்து, பம்ப் முகத்தின் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலை வைத்து, கியருக்கும் ஸ்கேலுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட வேண்டும். கேஸ்கட் இல்லாமல் 0.1 எம்எம் தாண்டக் கூடாது. எனக்கு 0.15 நுழைந்தது, மூடியின் பள்ளம் தனி. ஆயில் குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருப்பதால் அந்த இடைவெளியில் அதிகம் கசியாது. சூடேறி நீர்த்ததும், பம்ப் தள்ளும் ஆயிலில் ஒரு பங்கு கியர் முகத்துக்கும் மூடிக்கும் நடுவிலேயே திரும்பி ஓடிவிடும். விளக்கு ஐடிலில் மட்டும் மினுக்குவதற்குக் காரணம் அதுதான்.

கியர் வாங்கும்போது கேம்ஷாஃப்ட்டையும் பாருங்கள். பம்பைச் சுழற்றும் கேம் கியர் பழைய எஞ்சினில் தட்டையாக, மூன்று ரிவெட்டோடு இருக்கும். 1971 வாக்கில் குழிவான, நான்கு ரிவெட் வகை வந்தது. ஒன்றின் பம்ப் கியர் மற்றதில் சரியாகச் சேராது.

மூடியைக் கோவையில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறை அண்ணன் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, கியர் புதுசு போட்டா மட்டும் போதுமுங்களா? மூடி மட்டமா இருக்கோணுமில்லீங்க?" என்றார். சர்ஃபேஸ் கிரைண்டரில் பள்ளம் மறையும் அளவுக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தார். வீட்டில் கண்ணாடிமேல் நைஸ் எமரி பேப்பர் விரித்து, ஆயில் விட்டு, எட்டுப் போட்டுத் தேய்த்து முடித்தேன். புதுக் கியர் போட்டதும் இடைவெளி 0.05.

மாட்டும்போது மெல்லிய பேப்பர் கேஸ்கட் மட்டும் போட்டேன். தடித்த கேஸ்கட் போட்டால், பாடுபட்டுக் குறைத்த இடைவெளி திரும்ப வந்துவிடும். சீலண்ட் அள்ளிப் பூசுவதும் வேண்டாம், பிதுங்கியது ஆயில் வழியில் போய் அடைக்கும். பற்களுக்கு நடுவில் வாசலின் நிறைய அப்பினேன். காலிப் பம்ப் ஆயிலை இழுக்காது, வாசலின் இருந்தால் உடனே பிடித்துக்கொள்ளும், பிறகு சூட்டில் கரைந்துவிடும். வண்டிக்கு அடிக்கும் கிரீஸ் இதற்கு ஆகாது. இரண்டரை லிட்டர் ஆயில் ஊற்றி, எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமலிருக்கக் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, விளக்கு அணையும்வரை செல்ஃப் அடித்தேன். அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்தேன்.

விளக்கு அணைந்ததை மட்டும் நம்பாதீர்கள். 2 முதல் 6 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வந்தாலே அதன் ஸ்விட்ச் விளக்கை அணைத்துவிடும். ஸ்விட்ச் இருந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். ஆயில் 70 டிகிரிச் சூட்டில், 2500 ஆர்பிஎம்மில் 28 பிஎஸ்ஐக்குக் குறையக் கூடாது, 42 இருந்தால் நல்ல ஆரோக்கியம். எனக்கு 38 காட்டியது. ஐடிலில் விளக்கு மினுக்குவது நின்றுவிட்டது.

புல்லட் பைக் வைத்திருக்கும் உறுப்பினர் எழுதியது:
பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டில் கியர் பம்ப் இல்லை. அசையும் வட்டத்தட்டும் அதற்குள் பிளஞ்சரும் (முன்பின் நகரும் சிறு தண்டு) தான். ஆனாலும் நீங்கள் சொன்ன கண்ணாடி வேலை அங்கேயும் செல்லும். தட்டின் முகம் மட்டமாக இல்லாவிட்டால், வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தும்போது ஆயில் அதன் வழியாகக் கிராங்க் கேஸுக்கு இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் தெருவே புகை. நான் நைஸ் பேஸ்ட் வைத்துத் தேய்த்த பிறகு அந்தப் புகை போய்விட்டது.

இன்னொருவர்:
இவ்வளவு பாடு எதற்கு, முழுப் பம்பையே மாற்றியிருக்கலாமே?

என் பதில்:
பம்ப் உடல் கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் இறுகப் பிடித்து நிற்கிறது. எடுக்கத் தனிப் புல்லர் வேண்டும். உள்சுவரில் கீறல் இல்லை, இரண்டாவது கியர் சுற்றும் கம்பியும் ஆடவில்லை என்றால் உடலைத் தொட அவசியமே இல்லை. கீறலோ ஆட்டமோ இருந்தால் கியருக்குச் செலவு செய்யாதீர்கள், முழுப் பம்ப்தான் வழி.