ஓய்வு பெற்ற ஆசிரியர் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேரலாமா?

கேள்வி – ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

வணக்கம். சர்வீஸ் முழுவதும் தொடக்கப் பள்ளியிலேயே போனது, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மேலாண்மைக் குழுவைத் திருத்தி அமைக்கப் போகிறார்கள், கல்வியாளர் இடத்துக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் இப்போது அங்கே தலைமையாசிரியையாக இருப்பவர் என்னிடம் உதவி ஆசிரியராக வேலை பார்த்தவர். நான் போய் உட்கார்ந்தால், பழைய எச்.எம். நம்மைக் கண்காணிக்க வந்துவிட்டார் என்று அவருக்குத் தோன்றாதா? இன்னொரு விஷயம், பல ஊர்களில் தீர்மானப் பதிவேட்டை வீடு வீடாகக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்குவதோடு குழுவின் வேலை முடிந்துவிடுகிறது. அப்படி ஒரு குழுவில் பேருக்கு இருக்க எனக்கு மனமில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 – குழுத் தலைவியாக இருக்கும் ஒரு அம்மா

கட்டாயம் சேருங்கள் டீச்சர். எங்கள் பள்ளியில் ஓய்வு பெற்ற சார் ஒருவர் குழுவில் இருக்கிறார். அவர் வருவதற்கு முன்னால், எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டுவிட்டு எழுந்து வருவோம், அவ்வளவுதான். பிள்ளைகள் 31 முதல் 100 வரை இருந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் பள்ளி மானியம் உண்டு, அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குச் செலவாக வேண்டும் என்பதே அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். செலவுக் கணக்கை இனம் இனமாகச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். ஒரு கூட்டத்தில் சுவருக்கு வெள்ளையடிக்க என்று படித்தபோது, மூன்றாம் வகுப்புப் பெண்ணின் அம்மா குறுக்கிட்டு, கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், முதலில் அதைப் பாருங்கள் என்றார். அந்த வாரமே தாழ்ப்பாள் வந்தது. அந்த அம்மா அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை.

பதில் 2 – பணியில் இருக்கும் தலைமையாசிரியர்

அந்தத் தலைமையாசிரியையின் இடத்தில் இருந்து சொல்கிறேன். உங்களைப் போன்றவர் குழுவில் இருந்தால் எங்களுக்குப் பலம்தான். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் இருந்தாக வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்துச் சமாளிக்கிறார். இதை நான் எழுதினால் வேலைக்குச் சுணங்குகிறார் என்பார்கள், குழு தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பினால் அது ஊரின் கோரிக்கை. யாருக்கு எழுதினால் எது நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியாது.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வகுப்புக்குள் வந்து பிள்ளைகள் முன்னால் பாடம் நடத்தும் முறையைத் திருத்த வேண்டாம். மானியம் ஒழுங்காகச் செலவாகிறதா, பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடுவதும் குழுவின் வேலை. பாடத்தைப் பற்றி ஏதாவது தோன்றினால் சாயங்காலம் தனியாகச் சொல்லுங்கள், அவர் சந்தோஷமாகக் கேட்பார். சேருவதற்கு முன்பே அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

பதில் 3 – முன்னாள் மாணவர்

எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அந்த ஊர் அம்மாக்களில் பாதிப் பேர் உங்களிடமே படித்திருப்பார்கள், நீங்கள் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார்கள். நீங்கள் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்ததே அவர்கள் பேசுவதற்காகத்தான். அதனால் கூட்டத்தில் கடைசியாகப் பேசுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் வந்து சேர்ந்த பிறகு கூட்டத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். அப்புறம், காலனிப் பெற்றோருக்குத் தகவல் போகிறதா என்று பாருங்கள். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது, பல ஊர்களில் அவர்களுக்குக் கூட்டம் நடந்ததே தெரிவதில்லை. இதற்கெல்லாம் முடியும் என்றால் சேருங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. எழுந்து நிற்பார்கள் என்று தம்பி சொன்னது முழுக்க உண்மை, இப்போதும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் அப்படித்தான் நிற்கிறார்கள். கூட்டத்தில் பெற்றோரோடு பாயிலேயே உட்கார்ந்துகொள்கிறேன், நாற்காலி வேண்டாம். தலைமையாசிரியையிடம் இன்று சாயங்காலம் போனில் பேசப் போகிறேன், அவர் சம்மதித்தால் சேருகிறேன். பதில் 1 எழுதிய அம்மா, உங்கள் சார் கணக்குப் படித்துக் காட்டும் தாள் எப்படி இருக்கும்? ஒரு படம் போட முடியுமா?

பதில் 1 எழுதியவர்

போடுகிறேன் டீச்சர். சாதாரண நோட்டுத்தாள்தான். வந்தது, செலவு, மீதி என்று மூன்று கட்டம், எழுத்து மட்டும் பெரிதாக இருக்கும்.