சுங்கை சிப்புட்டில் முதல் தொலைநோக்கி: வாங்கியது ஆடுகிறது, வேறு வாங்கலாமா?

தோட்டத்து அம்மா:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது. அவள் தாத்தா கார்த்திகையையும் திருவாதிரையையும் காட்டிக் கொடுத்த நாளிலிருந்து இருட்டினால் வாசலில்தான் நிற்கிறாள். போன மாதம் இணையத்தில் ஒரு தொலைநோக்கி வாங்கினேன், பெட்டியில் 525 மடங்கு என்று பெரிதாகப் போட்டிருந்தது, குழாயில் 76/700 என்று இருக்கிறது. வியாழன் கலங்கிய மஞ்சள் உருண்டையாகத்தான் தெரிகிறது, தொட்டாலே ஆடுகிறது. தொலைநோக்கி திரும்பும் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்தச் சொல்கிறது கையேடு, அந்தத் திசையில் செம்பனை மட்டைதான் தெரிகிறது. அச்சைக் கீழே சாய்த்தால் எடை மாட்டிய கம்பி முக்காலியின் காலில் ‘டங்’ என்று இடிக்கிறது. வேறு வாங்குவதென்றால் 1,200 வெள்ளி (ரிங்கிட்) வரை சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஈப்போ அண்ணன்:
தங்கச்சி, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 525 என்பது வெறும் கணக்கு: குழாயில் போட்டிருக்கும் 700 என்பது மில்லிமீட்டரில் குவிய தூரம், அதை 4 மில்லிமீட்டர் ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன வில்லை) வகுத்தால் 175, அதோடு உருவத்தை இன்னும் பெரிதாக்க இடையில் செருகும் மூன்று மடங்கு பார்லோ வில்லையைச் சேர்த்தால் 525. ஆனால் கண்ணாடியின் அகலம் 76 மில்லிமீட்டர்தானே, மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்று வைத்தாலும் 150-க்கு மேல் கலங்கத்தான் செய்யும். பார்லோவைக் கழற்றி வையுங்கள். 20 மில்லிமீட்டர் ஐபீஸ் இருந்தால் அதை மட்டும் போடுங்கள், 35 மடங்கு வரும். கலிலியோ 1610-ல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது ஏறக்குறைய 20 மடங்கில்தான்.

இடிப்பது உங்கள் தப்பு இல்லை. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகைகூட இல்லை, அதனால் துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டியே கிடக்கும், மரம் மறைத்துவிடும். துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சை நிறுத்தும் இந்த வகைத் தாங்கியை இங்கே முறைப்படி நிறுத்தினால் அச்சு ஏறக்குறையப் படுத்துவிடும், எடை காலில் மோதும். அச்சின் சாய்வைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, 90 பாகை வரை போகுமானால் அச்சு நேரே வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தி இறுக்குங்கள். அப்புறம் குழாய் இடம் வலம், மேல் கீழ் என்று சாதாரணமாகத் திரும்பும். முக்காலிக் கால்களை நீட்டாமல் குட்டையாகவே வையுங்கள், பாதி ஆட்டம் நின்றுவிடும்.

கம்பார் வாத்தியார்:
அண்ணன் சொன்னது சரி. இன்னொன்று, குறி பார்க்கப் பெரிய குழாயின்மேல் இருக்கும் சின்னத் தேடுகுழாயைப் பகலிலேயே சரிசெய்துவிடுங்கள். தூரத்து ஆலைப் புகைபோக்கியைப் பெரிய குழாயில் நடுவில் பிடித்து, சின்னக் குழாயின் திருகுகளை அதற்கேற்பத் திருப்ப வேண்டும். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் மறந்தும் திருப்பக் கூடாது, குழந்தையின் கண் போய்விடும்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் என் ஓட்டு மேசைமேல் வைக்கும் 130 மில்லிமீட்டர் டாப்சோனியனுக்கு, அதாவது சுழலும் பலகை அடிப்பாகத்தில் உட்காரும் கண்ணாடித் தொலைநோக்கிக்கு. முக்காலி இல்லை, துருவ நட்சத்திரத்தைத் தேட வேண்டாம், உங்களுடையதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெளிச்சம் சேர்க்கும். ஆடாத சிமெண்டுத் திண்டு ஒன்று வேண்டும், எப்போதாவது கண்ணாடிகளை நேர்ப்படுத்தவும் வேண்டும், அதைக் கற்றுக்கொள்ளலாம். விலை கைக்கு எட்டாவிட்டால் 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு, 50 மில்லிமீட்டர் வில்லை) போதும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரே இரவில் வடக்கே சப்தரிஷியும் தெற்கே தென்சிலுவையும் நமக்குத் தெரியும், வடக்கே வெகுதூரத்தில் இருப்பவர்களுக்கு அது கிடைக்காது. எதை வாங்கினாலும் சிலிகா ஜெல் போட்டு மூடி வையுங்கள், நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும்.

தோட்டத்து அம்மா:
அண்ணே, சார், இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று மழை விட்டதும் அச்சை நிமிர்த்திவிட்டு 20 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டோம். பெயிண்டு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று வியாழனைப் பார்த்தவள், “அம்மா, பக்கத்துல மூணு புள்ளி வரிசையா இருக்கு” என்றாள். நான் பார்த்தபோதும் மூன்றுதான். நாலாவது எங்கே?

ஈப்போ அண்ணன்:
வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும் தங்கச்சி. இன்று மழை இல்லாவிட்டால் அதே நேரத்துக்குப் பாருங்கள், வரிசை மாறியிருக்கும். நேற்றுப் பார்த்ததைப் பாப்பாவை ஒரு தாளில் வரைந்து வைக்கச் சொல்லுங்கள்.