தசைக் கிளைக்கோசன் இரத்தக் குளுக்கோசை ஏன் உயர்த்துவதில்லை?

உவர்மலை:
வணக்கம். திருகோணமலையில் உயர்தர வகுப்பு மாணவருக்கு உயிரியல் கற்பிக்கிறேன். கந்தசஷ்டி விரதத்தைப் பற்றிய பேச்சு வகுப்பில் எழுந்தபோது மாணவி ஒருத்தி நல்லதொரு கேள்வியைக் கேட்டாள். வளர்ந்தவர் ஒருவரின் ஈரலில், குளுக்கோசு அலகுகள் கோத்த சேமிப்புப் பொருளான கிளைக்கோசன் ஏறத்தாழ 100 கிராமும், உடலின் தசைகள் எல்லாவற்றிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 400 கிராமும் இருப்பதாகப் படிக்கிறோம். ஈரலின் சேமிப்பு ஒரு நாட் பட்டினியிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறதென்றால், தசையில் அதைப்போல் நான்கு மடங்கு இருந்தும் அது மூளைக்கு ஏன் கொடுக்கப்படுவதில்லை என்பதே அவளுடைய கேள்வி. அதனோடு என் கேள்வி ஒன்றையும் சேர்க்கிறேன். ஈரல் முழுவதும் கிளைக்கோசன் நிறைந்திருந்தும் இரத்தக் குளுக்கோசு குறைந்து சோர்ந்து விழும் பிள்ளைகள் இருக்கிறார்களாமே, அது எவ்வாறு நிகழ்கிறது? பாடநூலின் இரண்டு வரிகளுக்கு அப்பால் விளக்கக்கூடியவர்கள் எழுதினால் மாணவருக்கு வாசித்துக் காட்டுவேன்.

நிலாவெளி:
ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே நொதியத்தில் இருப்பதால் அவற்றைச் சேர்த்தே எழுதுகிறேன்.

கிளைக்கோசன் பொசுபோரிலேசு என்னும் நொதியம் கிளைக்கோசனின் கிளை நுனிகளிலிருந்து குளுக்கோசு அலகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறது. அது நீரைக் கொண்டு வெட்டாமல் அசேதனப் பொசுபேற்றைக் கொண்டு வெட்டுவதால், வெளிவருவது வெறும் குளுக்கோசு அன்று, குளுக்கோசு-1-பொசுபேற்று. அது உடனே குளுக்கோசு-6-பொசுபேற்றாக மாற்றப்படுகிறது. பொசுபேற்று ஏறிய இந்த மூலக்கூறு மின்னேற்றம் உடையது. கலமென்சவ்வைக் கடப்பதற்கு அதற்கு வழியில்லை. பொசுபேற்றை நீக்கிக் குளுக்கோசை வெளியே விட வேண்டுமானால் குளுக்கோசு-6-பொசுபற்றேசு வேண்டும். அந்த நொதியம் ஈரற் கலங்களிலும் சிறுநீரகத்திலும் கலத்தினுள்ளே இருக்கும் அகமுதலுருச் சிறுவலை என்னும் மென்சவ்வு வலையமைப்பில் இருக்கிறது. எலும்புத்தசையில் அது இல்லை. ஆகவே தசையில் கழன்ற அலகு தசைக்குள்ளேயே, குளுக்கோசை உடைத்துச் சக்தி பெறும் கிளைக்கோப்பகுப்புக்குச் செல்கிறது. இதைத் தசையின் குறைபாடாக மாணவர் எண்ணிவிடக் கூடாது. இரத்தத்திலிருந்து எடுத்த குளுக்கோசுக்குப் பொசுபேற்று ஏற்றுவதற்கு, கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரி.பி. ஒன்று செலவாகிறது; கிளைக்கோசனிலிருந்து வரும் அலகுக்கு அச்செலவு இல்லாததால், காற்றின்றிய நிலையில் 2 ஏ.ரி.பி.க்குப் பதிலாக 3 ஏ.ரி.பி. தேறுகிறது. திடீரென ஓட வேண்டிய தசைக்கு இது பெரிய இலாபம்.

கட்டளைகளும் இதற்கு ஏற்றபடியே அமைந்துள்ளன. பட்டினியை அறிவிக்கும் குளுக்ககன் என்னும் ஓமோன் ஈரலுக்குக் கேட்கிறது. எலும்புத்தசையில் அதற்குரிய வாங்கிகள் இல்லாததால் தசை அதைப் பொருட்படுத்துவதில்லை. தசையை எழுப்புவன அதிரினலினும், சுருக்கத்தின்போது வெளிவரும் கல்சியம் அயன்களுமே.

ஆனால் தசையிலிருந்து ஒன்றுமே வெளியேறுவதில்லை என்று எழுதுவது சரியன்று. கிளைகள் பிரியும் இடத்திலுள்ள அலகு மட்டும் கிளைநீக்கும் நொதியத்தால் சுயாதீனக் குளுக்கோசாக விடுவிக்கப்படுகிறது. ஆயினும் அது சிறு பங்குதான். அதைவிட முக்கியமானது, காற்றின்றிக் குளுக்கோசை உடைக்கும்போது தசை வெளியேற்றும் இலத்திக்கமிலத்தை ஈரல் எடுத்து மீண்டும் குளுக்கோசாக்குவதாகும். கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர் விளக்கிய இந்தச் சுழற்சி அவர்களுடைய பெயராலேயே அழைக்கப்படுகிறது. கிளைக்கோசன் பற்றிய பணிக்காக 1947இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். ஆகவே மாணவியின் கேள்விக்கு, தசையின் கிளைக்கோசனும் இரத்தத்துக்கு வரக்கூடும், ஆனால் பெரும்பாலும் ஈரலின் வழியாகவே வரும் என்று விடை சொல்லலாம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதே குளுக்கோசு-6-பொசுபற்றேசு ஈரலில் பிறவியிலேயே குறைந்திருந்தால் ஏற்படுவது வொன் கியர்க்கே நோய். அந்நோயில் இந்நொதியம் குறைவதை 1952இல் கண்டுகாட்டியவர்களும் கோரி தம்பதியரே. கிளைக்கோசனை உடைக்கும் பாதையும், இலத்திக்கமிலத்திலிருந்து குளுக்கோசைப் புதிதாக ஆக்கும் பாதையும் கடைசியில் இந்த ஒரே படியைத் தாண்டியே வெளியேற வேண்டும். ஒரே கதவுள்ள களஞ்சியத்தில் கதவு இறுகிக்கொண்டது போலத்தான். உள்ளே தேங்கும் குளுக்கோசு-6-பொசுபேற்று கிளைக்கோசனாகவும் கொழுப்பாகவும் இலத்திக்கமிலமாகவும் மாறுவதால் ஈரல் வீங்குகிறது. இரத்தத்தில் யூரிக்கமிலமும் கூடுகிறது. பிள்ளையோ சில மணி நேரம் உணவின்றி இருந்தாலே குளுக்கோசு குறைந்து துன்புறுகிறது.

கிண்ணியா:
நிலாவெளி அண்ணரின் விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நோன்பு காலத்தில் எங்கள் பகுதியில் இது உண்மையிலேயே பயன்படும். இன்சுலின் எடுப்பவருக்குக் குளுக்கோசு மிகவும் தாழ்ந்தால் கொடுக்கப்படும் குளுக்ககன் ஊசி, ஈரலில் கிளைக்கோசன் இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். நீண்ட நேரம் உண்ணாதிருந்தவருக்கு அதன் பலன் குறைவு. ஆகவே நீரிழிவுள்ளோர் நோன்பு பிடிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேசிக்கொள்வது அவசியம்.

தம்பலகாமம்:
நான் குழந்தைகள் பிரிவில் பணியாற்றியவள். வொன் கியர்க்கே நோயுள்ள பிள்ளைகளுக்குக் குளுக்ககன் ஊசி குளுக்கோசை உயர்த்தாது, இலத்திக்கமிலத்தையே கூட்டும். அவர்களுக்கு உணவுதான் மருந்து. கடையில் கோன்ஃபிளவர் என்று கேட்டு வாங்கும் சோள மாவைச் சமைக்காமல் தண்ணீரில் கலந்து, மருத்துவர் குறித்த அளவில், குறித்த நேரங்களில் கொடுக்கிறார்கள். அது குடலில் மெதுவாகச் சமிபாடடைவதால் குளுக்கோசு சில மணி நேரம் தொடர்ந்து கிடைக்கிறது. மாவைக் காய்ச்சினால் விரைவில் சமித்துவிடும் என்பதால் காய்ச்சக் கூடாது. நள்ளிரவில் எழுந்து கொடுக்கும் தாய்மாரின் உழைப்பை நான் பார்த்திருக்கிறேன். இந்நோயின் பாரத்தில் பாதி அவர்களுடைய நித்திரையில் இறங்குகிறது.

உவர்மலை:
இருவருக்கும், கிண்ணியா அன்பருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு தொடர் கேள்வி: பொம்பே (Pompe) என்னும் பிறவி நோயிலும் கிளைக்கோசன் தேங்குகிறது; ஆனால் இரத்தக் குளுக்கோசு குறைவதில்லை என்கிறார்கள். ஏன்?

நிலாவெளி:
பொம்பே நோயில் தேக்கம் நிகழும் இடம் வேறு. கலம் தன் கிளைக்கோசனில் ஒரு சிறு பகுதியை, பொருள்களை உடைக்கும் மென்சவ்வுப் பையான இலைசோசோமுக்குள் எடுத்து, அங்குள்ள அமில அல்பா-குளுக்கோசிடேசு நொதியத்தால் உடைக்கிறது. அந்நொதியம் இல்லாமையே இந்நோய்க்குக் காரணம் என்று 1963இல் பெல்ஜியத்தின் ஹென்றி ஹெர்ஸ் காட்டினார். குழியவுருவிலுள்ள பொசுபோரிலேசு நன்றாக இயங்குவதால் ஈரல் வழமைபோலக் குளுக்கோசைக் கொடுக்கிறது. இலைசோசோமின் மென்சவ்வுக்குள் அடைபட்டதை மட்டும் அதனால் எட்ட முடிவதில்லை. வீங்கிய இலைசோசோம்கள் தசைநார்களைச் சிதைப்பதால், குழந்தைப் பருவத்திலேயே வெளிப்படும் வகையில் இதயம் பெருத்துத் தசைகள் தளர்கின்றன. குறைந்த நொதியத்தை நாளத்தின் வழியே ஏற்றும் சிகிச்சை 2006 முதல் அங்கீகாரம் பெற்றுள்ளது.

மாணவருக்கு ஒப்பிட்டுக் காட்ட மக்காடில் நோயையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் விவரிக்கப்பட்ட அந்நோயில் தசையின் பொசுபோரிலேசே இல்லை. நோயாளி வேகமாக ஓடத் தொடங்கினால் தசை பிடித்துக்கொள்கிறது. இரத்தத்தில் இலத்திக்கமிலம் வழமைபோல் உயர்வதில்லை. மெதுவாகச் சிறிது நேரம் நடந்தபின், ஈரல் அனுப்பும் குளுக்கோசும் கொழுப்பமிலங்களும் வந்து சேர்வதால் அவருக்கு நடை இலகுவாகிறது. ஈரலின் பொசுபோரிலேசு வேறொரு பரம்பரையலகால் ஆக்கப்படுவதால், பட்டினியிலும் அவருடைய இரத்தக் குளுக்கோசு குறைவதில்லை.