ஆர்எக்ஸ் 100: மலை இறங்கும்போது பிஸ்டன் பிடிக்குது, கடைசி ஓவர்சைஸ் பிஸ்டன் எங்கே வாங்கலாம்?

அடிவாரத்துக்காரன், தருமபுரி

எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா 1994ல வாங்கின யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இப்ப என்கிட்ட இருக்கு. இதை நான் ரோட்டுக்கு வெச்சிருக்கல. வத்தல்மலை மேல எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கு, சாமையும் மிளகும். தார் ரோடு முடிஞ்சதும் ரெண்டு கிலோமீட்டர் கல்லும் செம்மண்ணுமா போகணும். அதுக்காகப் பின்னாடி பட்டன் டயர் போட்டு, பின் ஸ்ப்ராக்கெட்டுல பல் கூட்டி, முன் மட்கார்டைத் தூக்கிக் கட்டியிருக்கேன். நூறு கிலோ சொச்சம்தான் எடை. வழியில மாட்டிக்கிட்டா ஒத்த ஆளா இழுத்து நேராக்கிடலாம். புது வண்டி எதுலயும் எனக்கு அந்தத் தைரியம் வரல.

பிரச்சினை இதுதான். தை மாசம் ஒருதடவை, போன வாரம் ஒருதடவை, ரெண்டுமே இறங்கும்போது பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு. போன வாரம் பின்னாடி ராகி மூட்டை இருந்துச்சு. கொண்டை ஊசி வளைவுல டயர் கிறீச்சுன்னு நின்னுடுச்சு. கிளட்சைப் பிடிச்சதால பிழைச்சேன். பிளாக்கைக் கழட்டிப் பார்த்தா, சைலன்சர் பக்கம் பிஸ்டன்ல நகத்தால கீறின மாதிரி நாலு கோடு, அலுமினியம் பிளாக்குல ஒட்டியிருக்கு.

தை மாசமே பிளாக்கைக் கடைஞ்சு 0.75 ஓவர்சைஸ் (0.75 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன்) போட்டாச்சு. இனி 1.00 ஒண்ணுதான் பாக்கி. அதுவும் போச்சுன்னா பிளாக்குக்குள்ள ஸ்லீவ் (புதுக் குழாய்) அடிக்கணும். டவுன்ல பார்த்த மெக்கானிக், "டூப்ளிகேட் பிஸ்டன், அதான்"ங்கறார். நல்ல 1.00 பிஸ்டன் எங்க கிடைக்கும்? இன்னொரு விஷயம்: ரெண்டு வருஷம் முன்னாடி ஆயில் பம்பைக் கழட்டிட்டாங்க. பெட்ரோல்லயே லிட்டருக்கு 20 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக் ஆயில்) கலந்து ஓட்டுறேன்.

மேலகிரி, தேன்கனிக்கோட்டை

தம்பி, பிஸ்டன் வாங்குறதைக் கொஞ்சம் நிறுத்துங்க. ஏன் பிடிச்சதுன்னு தெரியாம 1.00 போட்டா, அதே வளைவுல அதே மாதிரி நிக்கும். நானும் அப்படி ஒரு பிளாக்கை இழந்தவன், அதனால சொல்றேன்.

இறங்கும்போது மட்டும் பிடிக்குதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, விடை அதுலயே இருக்கு. பெட்ரோல்ல கலந்து ஓட்டும்போது ஆயில் பெட்ரோலோடதான் உள்ள போகும். நீங்க ஆக்சிலேட்டரை மூடிட்டு செகண்ட் கியர்ல இறங்குறீங்க. சக்கரம் இஞ்சினைச் சுத்த வைக்குது, ஆனா பெட்ரோல் வர்றது சொட்டுதான், ஆயிலும் சொட்டுதான். ஏறி வந்த சூடு வேற அப்படியே இருக்கு. பம்ப் இருந்திருந்தா இஞ்சின் சுத்தற வேகத்துக்குத் தக்க கொஞ்சமாவது ஆயில் தள்ளிக்கிட்டே இருக்கும். அதனால பம்பைத் தேடிப் போடுங்க. அது வர்ற வரைக்கும் லிட்டருக்கு 40 மில்லி கலக்குங்க, டப்பாவுல ஜாசோ எஃப்டின்னு (டூ ஸ்ட்ரோக் ஆயிலோட தர முத்திரை) போட்டிருக்கறதா பார்த்து வாங்குங்க. இறங்கும்போது ஒவ்வொரு வளைவு முடிஞ்சதும் கிளட்சைப் பிடிச்சு ஆக்சிலேட்டரை ஒருதடவை முறுக்கி விடுங்க.

அதோட ஒரு கேள்வி. ஆக்சிலேட்டரை விட்டதும் இஞ்சின் சத்தம் டக்குனு இறங்குதா, இல்ல கொஞ்ச நேரம் கத்திக்கிட்டே நின்னு அப்புறம் இறங்குதா? கியர் ஆயில் குறையுதா?

அடிவாரத்துக்காரன்

அண்ணா, பார்த்த மாதிரியே கேக்கறீங்க. கத்திக்கிட்டே நின்னு மெதுவாத்தான் இறங்கும். கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி அலுத்துட்டேன். கியர் ஆயில் குறையல, வெள்ளைப் புகையும் இல்ல.

மேலகிரி, தேன்கனிக்கோட்டை

அப்ப கிராங்க் தண்டுல கிளட்ச் பக்கம் இருக்கற ஆயில் சீல் (காத்தும் ஆயிலும் கசியாம தடுக்கற ரப்பர் வளையம்) நல்லா இருக்கு. அது போயிருந்தா கியர் ஆயிலை இழுத்து வெள்ளையா புகை விடும். எனக்குச் சந்தேகம் இடது பக்கம், மேக்னெட்டுக்கு (கரண்ட் தர்ற சுத்தற காந்தம்) பின்னாடி இருக்கற கிராங்க் ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக்ல கிராங்க் அறைதானே பெட்ரோலையும் காத்தையும் உறிஞ்சித் தள்ளுது. அந்த சீல் வழியா வெளிக்காத்து நுழைஞ்சா கலவையில பெட்ரோல் பத்தாது, சூடு ஏறும். கார்ப்பரேட்டரை எவ்வளவு திருப்பினாலும் அது சரியாகாது.

இதை வீட்டுலயே பார்க்கலாம். கார்ப்பரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் பழைய ட்யூப் ரப்பரால மூடி இறுக்குங்க. ஒரு பழைய பிளக்குல பீங்கானைத் தட்டி எடுத்துட்டு, அந்த ஓட்டையில சின்ன குழாய் ஒட்டி ஹெட்டுல மாட்டுங்க. பிஸ்டன் அடியில நிக்கணும், அப்பத்தான் மேலயும் கீழயும் ஒரே அறையா இருக்கும். அந்தக் குழாய்ல பிரஷர் பார்க்கற பிபி மிஷினோட ரப்பர் பந்தை மாட்டி முள்ளு 250 வர்ற வரைக்கும் அழுத்துங்க. அதுக்கு மேல வேண்டாம். முள்ளு அஞ்சு நிமிஷம் பெரிசா இறங்காம நின்னா சீல் நல்லது. இறங்குதுன்னா மேக்னெட் கவரைத் திறந்து சோப்புத் தண்ணி தடவுங்க, எங்க நுரைக்குதுன்னு கண்ணுக்குத் தெரியும்.

லேத் பட்டறை, கிருஷ்ணகிரி

போரிங் (பிளாக் ஓட்டையைக் கடைஞ்சு பெரிசாக்கறது) பத்தி மட்டும் சொல்றேன், முப்பது வருஷமா இதே வேலை. பிளாக்கை மட்டும் கொண்டு வந்து "1.00 அடிச்சு வைங்க, பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கறேன்"னு யார் சொன்னாலும் நான் தொடமாட்டேன். பிஸ்டன் கையில வரணும். மைக்ரோமீட்டர்ல அதை அளந்து அதுக்குத்தான் பிளாக்கை அடிக்கணும். 1.00ன்னு அட்டையில போட்டிருந்தாலும் எல்லாப் பிஸ்டனும் ஒரே அளவா வர்றதில்ல. மலை ஏறற வண்டின்னா பிஸ்டனுக்கும் பிளாக்குக்கும் நடுவுல ரெண்டு தவ் (அங்குலத்துல ஆயிரத்துல ரெண்டு பங்கு) இடைவெளி, அதாவது 0.05 மில்லிமீட்டர், அதுக்குக் கம்மியா விடாதீங்க.

அடிச்சு முடிச்சதும் போர்ட் (பிளாக் சுவர்ல கலவையும் புகையும் போற ஓட்டை) விளிம்பு பிளேடு மாதிரி கூரா நிக்கும். அதை லேசா மழுக்கலைன்னா ரிங் மாட்டி உடையும். லேத்துல இருந்து எடுக்கும்போது விரலை உள்ள விட்டு ஒவ்வொரு போர்ட்டையும் தடவிப் பாருங்க, சுருக்குன்னு குத்தினா திருப்பிக் குடுங்க. வீட்டுக்குப் போய் பெட்ரோல்ல அலசினா பத்தாது, ஹோனிங் (கல்லால தேய்ச்சு மெருகேத்தறது) தூள் போகாது. சுடுதண்ணியும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணியால துடைச்சா துணி வெள்ளையாவே வர்ற வரைக்கும் கழுவணும்.

இன்னொண்ணு. சிலர் ஆர்எக்ஸ் 135 பிளாக்கைத் தூக்கி மாட்டச் சொல்வாங்க. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) ரெண்டுக்கும் 50 மில்லிமீட்டர்தான், போர் (பிளாக் ஓட்டையோட விட்டம்) 50க்குப் பதிலா 58. ஆனா ஆர்சியில 100ன்னு இருக்கற வண்டிக்கு அது வேண்டாம், அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிக்கப் போகும்போது தலைவலி. உங்கப்பா வண்டி, அதே பிளாக்கோட ஓடட்டும்.

ஓசூர் பேரிங்

சாமான் வாங்கற வழி நான் சொல்றேன். ஆயில் சீலை "ஆர்எக்ஸ் சீல்"னு கேட்டு வாங்காதீங்க. பழைய சீல் முகத்துலயே உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூணு நம்பர் இருக்கும். அதைக் குறிச்சுக்கிட்டுப் பேரிங் கடைக்குப் போய் நல்ல கம்பெனி சீலா கேளுங்க. கிராங்க் பேரிங்கும் அப்படித்தான், நம்பர் அதுலயே அடிச்சிருக்கும், பின்னாடி சி3ன்னு இருந்தா அதே சி3 வேணும். இஞ்சின் சூட்டுல விரியறதுக்கான இடைவெளி அது. ஆர்எக்ஸ் 100 வர்றது 1996ல நின்னு போச்சு, ஆனா பேரிங்கும் சீலும் எந்தக் காலத்துலயும் கிடைக்கும்.

பிஸ்டனுக்கு பெங்களூர் ஜே.சி. ரோடு போங்க, இல்ல சென்னைல ஜி.பி. ரோடு. பழைய பிஸ்டனைக் கையோட எடுத்துட்டுப் போங்க. பிஸ்டன் பின் (குறுக்கே போற கம்பி) ஓட்டையில இருந்து தலை வரைக்கும் உயரம் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கான்னு பக்கத்துல வெச்சுப் பாருங்க. கழட்டின லாக்கை (அந்தப் பின் நழுவாம பிடிக்கற கம்பி வளையம்) திரும்பப் போடாதீங்க, புதுசு ரெண்டு வாங்குங்க. பழைய ஆயில் பம்புக்கு புதுப்பேட்டை.

அடிவாரத்துக்காரன்

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். பக்கத்து வீட்டு நர்ஸக்காகிட்ட பழைய பிபி மிஷின் வாங்கி அண்ணன் சொன்ன மாதிரியே பண்ணினேன். 250 வரைக்கும் ஏத்தினா ஒரு நிமிஷத்துக்குள்ள 100க்கு வந்துடுச்சு. மேக்னெட்டைப் புல்லர் போட்டு இழுத்துட்டு சோப்புத் தண்ணி தடவினதும் சீலைச் சுத்தி குட்டிக் குட்டியா நுரை. கையில எடுத்தா ரப்பர் மாதிரியே இல்ல, காஞ்ச புளியங்கொட்டை ஓடு மாதிரி இருந்துச்சு. வளைச்சேன், உடைஞ்சிடுச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். இதுக்காக ரெண்டு பிஸ்டனைத் தின்னு தீர்த்திருக்கேன்.

ரெண்டு பக்கமும் சீல் மாத்தியாச்சு. ஜே.சி. ரோட்டுல மூணாவது கடையிலதான் உயரம் சரியான 1.00 கிடைச்சுது. கிருஷ்ணகிரிக்கே கொண்டு போய் ரெண்டு தவ் விட்டு அடிச்சேன், போர்ட்டை விரல் விட்டுப் பார்த்தேன். ஃபில்டர் ஸ்பாஞ்சையும் மண்ணெண்ணெய்ல கழுவி, காய வெச்சு, ஆயில்ல நனைச்சுப் பிழிஞ்சு போட்டேன். அதுல இருந்து வந்த செம்மண்ணு ஒரு கை இருக்கும்.

ஞாயித்துக்கிழமை மூட்டை இல்லாம மேல போய்ட்டு வந்தேன். ஆக்சிலேட்டரை விட்டதும் சத்தம் டக்குனு இறங்குது. ஒவ்வொரு வளைவுலயும் முறுக்கி விட்டுக்கிட்டேதான் இறங்கினேன். பம்ப் புதுப்பேட்டையில கிடைச்சுடுச்சு, அதைச் சுத்தற கியர் மட்டும் தேஞ்சிருக்கு. யார்கிட்டயாவது நல்ல கியர் இருந்தா சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்.