அஞ்சு பேர்தான், தண்ணிப் பில் மட்டும் மூண்டு மடங்கு

கல்லடிக்காற்று:
ரெண்டு வீட்டுப் பில்லையும் பக்கத்தில பக்கத்தில வெச்சுப் பாத்தும் விளங்கல்ல. கல்லடி வீட்டில 5 பேர், 31 நாளைக்கு 38 யூனிட். ஏறாவூரில தம்பிட வீட்டிலயும் 5 பேர், 29 நாளைக்கு 19 யூனிட். ரெண்டு இடத்திலயும் கிணறு இருக்கு, மரம் செடிக்கெல்லாம் கிணத்துத் தண்ணிதான். யூனிட் ரெண்டு மடங்கு, சரி. காசு ஏன் மூண்டு மடங்கு? ஒழுகுற இடம் எண்டு ஒண்டும் கண்ணில படல்ல, முத்தமும் காய்ஞ்சுதான் கிடக்கு. மீற்றர் பிழையா?

வீட்டு அமைப்பு: மேல 1000 லீற்றர் தாங்கி ஒண்டு, கமோட் ரெண்டு, வோஷிங் மெஷின் ஒண்டு. கிணத்து மோட்டரும் அதே தாங்கிக்குத்தான் ஏறுது.

அரைக்கால்ப்படி:
காசை விட்டிட்டு முதல்ல நாளைக்கு எத்தின லீற்றர் எண்டு பாருங்க. பில் எடுக்கிற நாள் முன்னப்பின்னத்தான் வரும், 29 நாள் பில்லையும் 31 நாள் பில்லையும் அப்பிடியே ஒப்பிடேலாது. ஒரு யூனிட் எண்டா ஒரு கன மீற்றர், 1000 லீற்றர். கல்லடியில 38,000ஐ 31ஆல பிரிச்சா நாளைக்கு 1226. ஏறாவூரில 19,000ஐ 29ஆல பிரிச்சா 655. தலைக்கு 245, மற்றது 131. ஒரு ஆளுக்கு 120 லீற்றர் எண்டு வெச்சுத்தான் வழமையாக் கணக்குப் போடுறது, அதால ஏறாவூர்ப் பில்லில ஒரு பிழையும் இல்ல.

ரெண்டு வீட்டுக்கும் இடையில நாளைக்கு 571 லீற்றர் வித்தியாசம். ஆக்கள் பாவிச்சுத்தான் இது வந்ததெண்டா, ஒவ்வொருத்தரும் பத்து லீற்றர் வாளியால இன்னும் 11 வாளி கூட ஊத்தியிருக்க வேணும். ஊத்தினா வீட்டில தெரியாமப் போகாது. ஆனா இதையே மணிக்குப் பிரிச்சா 24 லீற்றர், நிமிசத்துக்கு 400 மில்லி. ரெண்டு தேத்தண்ணிக் கோப்பை அளவு. இராப்பகலா ஒரே சீரா எங்கயோ ஓடுது, ஆக்களில பிழை இல்ல.

காசு மூண்டு மடங்காகினதுக்குக் காரணம் படிமுறைக் கட்டணம். முதல் படிக்குக் குறைஞ்ச வீதம், மேல போகப் போக யூனிட் விலை ஏறும். நீங்க கூடுதலா இழக்கிறது நாளைக்கு 571 லீற்றர்படி 31 நாளைக்கு 18 யூனிட் அளவு, அது மலிவான படியில விழாது, உச்சியில இருக்கிற விலை கூடின படிகளிலதான் விழும். அதோட மாதாந்த சேவைக் கட்டணமும் நீங்க ஏறி நிக்கிற படியைப் பொறுத்து மாறும். "படி தாண்டினா முழு யூனிட்டுக்கும் மேல் விலை" எண்டு சிலர் சொல்றது பிழை. ஒவ்வொரு துண்டுக்கும் அந்தந்தப் படியின்ட விலைதான்.

பில்லில வாசிப்பு உண்மையா எடுத்ததா, இல்லாட்டி கேற் பூட்டிக் கிடந்து சராசரி போட்டதா எண்டும் பாருங்க. சராசரி போட்டிருந்தா அடுத்த மாசப் பில்லில மிச்சம் மொத்தமா ஏறும். மீற்றரில இருக்கிற கறுப்பு இலக்கம் பில்லில உள்ள கடைசி வாசிப்பை விடக் கொஞ்சம் கூடியிருக்க வேணும். குறைஞ்சிருந்தா வாசிப்புப் பிழை.

முக்காலிஞ்சி:
அரைக்கால்ப்படி சொன்ன 400 மில்லிக் கணக்கு சரி. முத்தம் காய்ஞ்சு கிடக்கிறதை வெச்சு ஒண்டும் சொல்லேலாது. நம்மட கரையோர மண் முழுக்க மணல். நிமிசத்துக்கு அரை லீற்றரை அது சத்தமில்லாமக் குடிச்சிரும், மேல ஈரம் காட்டாது. களிமண் ஊரெண்டாத்தான் முத்தத்தில நொதிச்சு நிக்கும்.

தேடுறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. தாங்கி உள்ள வீட்டில எல்லாரும் விடுற பிழை என்னெண்டா, டப்பெல்லாம் பூட்டிட்டு மீற்றரை அஞ்சு நிமிசம் பாத்து "சுத்தல்ல, ஒழுக்கில்ல" எண்டு முடிவெடுக்கிறது. தாங்கிக்குக் கீழ ஒழுகினா அந்த நேரம் மீற்றர் சுத்தாது. தண்ணி மட்டம் இறங்கி மிதவை வால்வு திறக்கேக்குள்ளதான் சுத்தும். அதால ரெண்டு கட்டமாச் செய்யுங்க.

முதல் கட்டம், மீற்றரில இருந்து தாங்கி வரைக்கும். இரவு படுக்க முதல் தாங்கியை நிரப்பி, தாங்கிக்குப் போற கேற் வால்வைப் பூட்டுங்க. குசினியிலயோ முத்தத்திலயோ நேர் லைனில (தாங்கிக்குப் போகாம மீற்றரில இருந்து நேரா வாற குழாயில) டப் இருந்தா அதையும் தொடக் கூடாது. மீற்றரைச் சிவப்பு இலக்கத்தோட எழுதி வைங்க. கறுப்பு இலக்கம் முழு யூனிட். சிவப்பு மூண்டு இலக்கம் இருந்தா கடைசி இலக்கம் ஒரு லீற்றர். 0.0001 எண்டு போட்ட சின்ன வட்டம் இருந்தா அதின்ட ஊசி ஒரு சுத்துக்கு ஒரு லீற்றர். நடுவில சின்ன முக்கோணமோ நட்சத்திரமோ இருக்கும், துளி போனாலும் அது ஆடும். காலையில இலக்கம் கூடியிருந்தா ஒழுக்கு நிலத்துக்குள்ள, இல்லாட்டிச் சுவருக்குள்ள.

ரெண்டாம் கட்டம், தாங்கிக்குக் கீழ. அதே இரவில தாங்கிக்குள்ள தண்ணி நிக்கிற மட்டத்தில சோக்கால ஒரு கோடு போடுங்க. காலையில எத்தின சென்ரிமீற்றர் இறங்கியிருக்கெண்டு அளவுங்க. தாங்கியின்ட உள் விட்டம் 110 சென்ரிமீற்றர் எண்டா, ஒரு சென்ரிமீற்றருக்கு 9.5 லீற்றர். உங்கட தாங்கி வேற அளவெண்டா ஆரையை ஆரையால பெருக்கி 3.14ஆலயும் பெருக்கி 1000ஆல பிரிங்க, அதுதான் ஒரு சென்ரிமீற்றருக்குரிய லீற்றர். இரவில கமோட் ஃபிளஷ் அடிச்சா அதையும் எண்ணிக் கழிக்க வேணும்.

மட்டம் இறங்கியிருந்தா முதல் சந்தேகம் கமோட்தான். துணிக்குப் போடுற நீலத்தைக் கொஞ்சம் கரைச்சு சிஸ்டர்னுக்குள்ள (கமோட்டின்ட தண்ணிப் பெட்டிக்குள்ள) ஊத்திட்டு அரை மணித்தியாலம் அடிக்காம விடுங்க. கோப்பைக்குள்ள நீலம் வந்தா சிஸ்டர்ன் அடியில தண்ணியை அடைக்கிற ரப்பர் போயிற்று. ஆனா சிஸ்டர்ன் மட்டம் ஓவர்புளோக் குழாயின்ட வாயோட முட்டி நிண்டா மிதவைதான் பிழை. தண்ணி வாய்க்கு 2 சென்ரிமீற்றர் கீழ நிக்கிறமாதிரி இறக்கி விடுங்க.

இன்னொண்டு மறக்கிறது: தாங்கியின்ட ஓவர்புளோ. கனபேர் அதைக் கொண்டுபோய்க் வடிகான் குழாய்க்குள்ள மறைச்சு விட்டிருப்பாங்க. இரவில தெருவில பாவனை குறைஞ்சு அமுக்கம் ஏறும், தேய்ஞ்ச மிதவை வால்வு அப்பதான் தோற்கும். ரெண்டு மணிக்கு ஓடுறதைப் பகலில தேடினா எப்பிடிக் காணுறது? அந்தக் குழாய் வாயை ஆக்கள் நடமாடுற இடத்தில வெளியில தெரிய விடுங்க.

மீற்றரைச் சந்தேகப்படுறது கடைசி. 20 லீற்றர் கானால அஞ்சு தரம், நேர் லைன் டப்பை முழுசாத் திறந்து நிரப்புங்க. சிவப்பு இலக்கத்தில 100 ஓடியிருக்க வேணும், 98க்கும் 102க்கும் இடையில எண்டா மீற்றர் சரி. அதை விட்டு விலகினா நீர் வழங்கல் சபையின்ட 1939 இலக்கத்துக்கு அடிச்சு முறைப்பாடு குடுங்க. ஒண்டு, மீற்றர் வரைக்கும்தான் சபையின்ட பொறுப்பு. அதுக்கு இஞ்சால எல்லாம் வீட்டுக்காரர்ர தலையில.

அக்கரைப்பற்றான்:
என்னகா, ஆரும் மோட்டரைப் பத்திப் பேசல்லையே! "கிணத்து மோட்டரும் அதே தாங்கிக்கு" எண்டு எழுதியிருக்காரே, அதில கேக்க வேண்டியது ஒண்டு இருக்கு. ரெண்டு குழாயும் தனித்தனியாத் தாங்கி வாய்க்குப் போகுதா, இல்லாட்டி கீழ ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) போட்டு ஒரே குழாயில ஏத்தியிருக்கா?

டீ போட்டிருந்தா, நடுவில ஒருவழி வால்வும் இல்லையெண்டா, சபைத் தண்ணி மோட்டருக்குள்ளால கிணத்துக்குத்தான் இறங்கும். கிணத்துக்குள்ள குழாய் அடியில இருக்கிற ஃபுட் வால்வில ஒரு மணல் பரு சிக்கினாலே போதும். குழாய் வாய் கிணத்துத் தண்ணிக்கு அடியில கிடக்கிறதால சத்தமும் கேக்காது. காசு குடுத்து வாங்கின தண்ணியால கிணத்தை நிரப்புற வேலை! மோட்டர் லைனில உள்ள வால்வைப் பூட்டின உடனே மீற்றர் முக்கோணம் நிண்டா அதுதான் கள்ளன்.

இது பில்லோட முடியிற விசயமும் இல்ல. தெருவில அமுக்கம் இல்லாத நேரம் மோட்டரைப் போட்டா கிணத்துத் தண்ணி தெருக் குழாய்க்கு ஏறும். நம்மட வளவுகளில மலக்குழிக்கும் கிணத்துக்கும் எத்தின அடி தூரம்? மணலுக்குள்ளால எல்லாம் ஊறி வரும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உப்பானதும் தெரியும்தானே. அந்தத் தண்ணி பக்கத்து வீட்டுக் குடிதண்ணிக்குள்ள போகும். டீயைக் கழட்டி எறிஞ்சிட்டு ரெண்டையும் தனித்தனியாத் தாங்கி வாய்க்கு மேலால விடுங்க, குழாய் முனை தண்ணியில முட்டாம.

தண்ணி வெட்டின நாளில மீற்றருக்குப் பக்கத்தில உள்ள ஸ்டொப் கொக்கைப் பூட்டி வைங்க. திரும்ப வரேக்குள்ள முதல்ல வாற காத்தும் மீற்றரைச் சுத்தும். பக்கத்து வீட்டில ஒழுங்காத் தண்ணி வந்த பிறகு திறந்தாக் காணும்.

கச்சேரியடி:
நாங்க சென்ரிமீற்றர் அளந்து, நீலம் கரைச்சு ஊத்திக்கொண்டிருக்கிறம். ஜெயிலுக்குள்ள இருக்கிறவனுக்கு மீற்றரும் இல்ல, பில்லும் இல்ல. மூண்டு நேரச் சாப்பாடு, இஷ்டத்துக்குக் குளிப்பு. களவெடுத்தவனுக்கு நம்மட வரிக் காசில தண்ணி. ஞாயமா இது?

வழக்கேடு:
தலைப்பை விட்டு விலகினாலும் கணக்கு எண்டபடியாச் சொல்றன். சிறைச்சாலைச் செலவு அரசாங்கக் காசு, அதில மறுப்பில்ல. "இஷ்டத்துக்கு" எண்டதுதான் பிழை. சிறைகளுக்கு சர்வதேச செஞ்சிலுவைக் குழு சொல்ற ஆகக் குறைஞ்ச அளவு ஆளுக்கு நாளைக்கு 10 தொடக்கம் 15 லீற்றர், குடிக்க, கழுவ, கமோட் எல்லாத்துக்கும் சேத்து. மேல ஏறாவூர் வீட்டில தலைக்கு 131. கல்லடியில சும்மா ஓடுற 571 லீற்றரை 15ஆல பிரிச்சா 38 பேரின்ட ஒரு நாள் தண்ணி.

இலங்கைச் சிறைகளில கொள்ளளவைப்போல ரெண்டு மடங்குக்கும் மேலதான் ஆக்கள். 50 பேருக்கு எண்டு கட்டின கூடத்தில 100 பேர் எண்டா தாங்கியும் குழாயும் கமோட்டும் அதே 50 பேருக்குரியதுதான். பூட்டிக் கிடக்கிற இரவுதான் ஆகக் கஷ்டம். தண்ணி வளவுக்குள்ள இருந்தாலும் கூடத்துக்குள்ள இல்லையெண்டா விடியும் வரைக்கும் ஒண்டும் செய்யேலாது. கழிப்பறை இல்லாத கூடங்களில வாளிதான்.

சட்டம் என்ன சொல்லுது? 2015 டிசம்பர் 17இல ஐ.நா. பொதுச் சபை ஏற்ற, கைதிகளை நடத்துறதுக்கான மண்டேலா விதிகளில 22ஆம் விதி: கைதிக்குத் தேவைப்படுற நேரமெல்லாம் குடிதண்ணி கிடைக்க வேணும். 43ஆம் விதி: தண்டனையாத் தண்ணியையோ சாப்பாட்டையோ குறைக்கக் கூடாது. நம்மட அரசியலமைப்பின்ட 11ஆம் உறுப்புரை சித்திரவதையையும் கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்துகையையும் தடுக்குது. அதில "ஆளுக்கு" எண்டுதான் இருக்கு, "குற்றம் செய்யாத ஆளுக்கு" எண்டு இல்ல.

கச்சேரியடி:
எழுத்தில எல்லாம் வடிவாத்தான் இருக்கும். பாதிக்கப்பட்டவன்ர வீட்டுத் தண்ணிப் பில்லை எந்த ஐ.நா. கட்டுது?

வழக்கேடு:
ஆரும் கட்டல்ல, அந்தக் கோபம் ஞாயம். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கேக்கிறது தனி வழக்கு, கைதியின்ட தண்ணியைக் குறைச்சதால அந்த நட்டஈடு ஏறாது. அதோட உள்ள இருக்கிறவங்களில தண்டனை பெற்றவங்களை விட விளக்கமறியலில இருக்கிறவங்கதான் கூட. களவெடுத்தாரா இல்லையா எண்டு நீதிமன்றம் இன்னும் சொல்லல்ல. பிணைக்கு ஆள் இல்லாதவன், காசு இல்லாதவன் கனபேர் அதுக்குள்ள.

ஆர்ர வீட்டு ஆளாவது உள்ள இருந்து, தண்ணியோ மருந்தோ குடுக்காம விட்டாலோ, அடிச்சாலோ செய்ய வேண்டியது: விளக்கமறியல் எண்டா அடுத்த தவணைக்குக் கோட்டுக்குக் கொண்டு வரேக்குள்ள சட்டத்தரணி மூலமா நீதவானுக்குத் திறந்த மன்றில சொல்லி, வழக்கேட்டில பதியச் சொல்லிக் கேளுங்க. வாயால சொல்லிட்டு விட்டா ஒரு பிரயோசனமும் இல்ல. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 எண்ட இலக்கத்துக்கு அடிக்கலாம், ஆனா எழுத்தில குடுக்கிறதுதான் நிக்கும். திகதி, நேரம், கூட இலக்கம், நடந்தது என்ன, கண்டவர் ஆர், மருந்துத் துண்டு இருந்தா பிரதி, இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள்ள. "எப்பவும் கொடுமை" எண்டு எழுதினா விசாரிக்க ஒண்டும் கிடையாது, "இன்ன திகதி மாலை தொடக்கம் அடுத்த நாள் காலை வரைக்கும் தண்ணி இல்ல" எண்டு எழுதுங்க. பதிவிலக்கம் வாங்காம வெளிக்கிடாதீங்க.

காலக்கெடுவில கவனம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றத்தில போட வேணும். அந்த ஒரு மாசத்துக்குள்ள ஆணைக்குழுவில முறைப்பாடு பதிஞ்சா, அங்க விசாரணை நடக்கிற காலம் அந்தக் கெடுவில சேராது. 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின்ட 13ஆம் பிரிவு அது. இதைத் தெரியாமக் கெடுவைத் தவற விடுறவங்கதான் கூட.

கல்லடிக்காற்று:
ரெண்டு கட்டமும் பாத்தாச்சு. தாங்கி வால்வைப் பூட்டின ஆறு மணித்தியாலத்தில மீற்றர் ஒரு இலக்கமும் அசையல்ல. மோட்டர்க் குழாய் தனியாத்தான் மேல போகுது, டீ இல்ல. தாங்கி 14.5 சென்ரிமீற்றர் இறங்கியிருக்கு, விட்டம் 110தான், கமோட் ஆரும் அடிக்கல்ல. பின்பக்கக் கமோட்டில நீலம் வந்திற்று. புது ரப்பர் எண்டு கேட்டா கடையில நாலு அளவு காட்டுறாங்க.

முக்காலிஞ்சி:
14.5ஐ 9.5ஆல பெருக்கினா 138 லீற்றர். மணிக்கு 23, நாளைக்கு 552. தேடின 571இல ஏறத்தாழ முழுசும் அகப்பட்டுது, மிச்சம் 19 லீற்றர் ஆக்கள்ற கணக்கு.

இப்பவே அந்தக் கமோட்டின்ட அங்கிள் வால்வை (சிஸ்டர்னுக்குத் தண்ணி வாற சின்ன வால்வை) பூட்டிட்டு வாளியால ஊத்துங்க, ரப்பர் வாங்குற வரைக்கும் ஓட விடாதீங்க. பழைய ரப்பரைக் கழட்டிக் கையோட கொண்டு போங்க. வெளி விட்டம், உள் ஓட்டை, தடிப்பு மூண்டும் ஒத்து வர வேணும், கண்மட்டத்தில வாங்கினா திரும்ப ஒழுகும். போட முதல் ரப்பர் குந்துற வளையத்தில விரலை வெச்சு ஒரு சுத்துத் தடவுங்க. கிணத்துத் தண்ணியும் அதே தாங்கிக்குள்ள வாறதால பழுப்புப் படிவு பிடிச்சிருக்கும். துணியால துடைச்சும் போகாட்டி மெல்லிய உப்புத்தாளால தேய்ங்க. வளையத்தில வெடிப்பு இருந்தா ரப்பர் மாத்தி வேலையில்ல, ஃபிளஷ் வால்வு முழுசையும் மாத்துங்க. கிறீஸோ வசிலினோ பூச வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். சிஸ்டர்னுக்குள்ள போடுற குளோரின் வில்லையும் வேண்டாம், அது ரப்பரை விறைக்கப் பண்ணும்.

மாட்டின பிறகு திரும்பவும் நீலம், திரும்பவும் அரை மணித்தியாலம். மற்றக் கமோட்டுக்கும்.