கிட்னி மாற்றியபின் மாத்திரையைக் குறைக்கலாமா?

கண்டனூரான்:
அத்தானுக்கு அக்காவே கிட்னி கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. கிட்னி வேலை செய்வதைக் காட்டும் கிரியேட்டினின் 1.2தான். ஆனாலும் உடம்பு புதுக் கிட்னியை எதிர்க்காமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபினலேட், பிரெட்னிசோலோன் மூன்றும் ஓடுகின்றன. கன்னம் வீங்கிவிட்டது, புதிதாகச் சர்க்கரை, டம்ளர் டபராவில் இடித்துச் சத்தம் போடும் அளவுக்குக் கை நடுக்கம். கிட்னிதான் உடம்போடு ஒட்டிக்கொண்டதே, பாதியாகக் குறைக்கலாம் என்பது என் கட்சி.

பள்ளத்தூர் மருந்தாளுநர்:
ஒட்டிக்கொள்வது என்று ஒன்று கிடையாது தம்பி. பத்து வருடம் ஆனாலும் அத்தானின் வெள்ளணுக்களுக்கு அது வேற்று உறுப்புதான். அதைக் கண்டுகொண்ட டி செல் என்ற வெள்ளணு, இன்டர்லூக்கின்-2 என்ற தூண்டுபொருளைச் சுரந்துதான் பெருகும். அதற்குக் கால்சினியூரின் என்ற நொதி வேலை செய்ய வேண்டும். டாக்ரோலிமஸ் அதை முடக்குகிறது. அதையும் மீறிக் கிளம்பும் அணுக்கள் பெருகாமல் மைக்கோஃபினலேட் தடுக்கிறது. பாதியாக்கினால் முதலில் ஒன்றும் தெரியாது. கிரியேட்டினின் ஏறுவதற்குள் உள்ளே சேதம் தொடங்கியிருக்கும்.

கண்டனூரான்:
அதே டாக்ரோலிமஸ் கிட்னியையும் கெடுக்கிறதே அண்ணே? நோய்த்தொற்று, தோல் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது. கேட்டால் "அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்கில் திருப்பி அனுப்பப்பட்ட மனுஷனுக்கு யார் பதில் சொல்வது?

பள்ளத்தூர் மருந்தாளுநர்:
கேட்க வேண்டியதுதான், விடாமல் கேளுங்கள். ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு கூடினால் நடுக்கம் அதிகமாகும், கிட்னிக்கும் கெடுதல். அளவைப் பார்த்து டாக்டர் குறைப்பது வேறு, வீட்டில் நாமாகக் குறைப்பது வேறு. பிரெட்னிசோலோனைச் சட்டென்று நிறுத்தவே கூடாது. அது ஸ்டீராய்டு; வெளியிலிருந்து வாங்கிப் பழகிய உடம்பில், அதே வகை ஹார்மோனைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி மந்தமாகியிருக்கும். பிரஷர் இறங்கி ஆள் சரிந்துவிடலாம்.

தேவகோட்டை ஆச்சி:
எனக்கும் மாற்றுக் கிட்னிதான். அத்தான் பம்பளிமாஸ் சாப்பிடுகிறாரா, கஷாயம் ஏதும் குடிக்கிறாரா தம்பி? பம்பளிமாஸ் டாக்ரோலிமஸைக் குடலில் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடும். மாத்திரை அதேதான், ரத்தத்தில் அளவு மட்டும் எகிறும்.

கண்டனூரான்:
கஷாயம் இல்லை ஆச்சி. பம்பளிமாஸ் கேட்டுச் சொல்கிறேன். போன வாரம் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு 14 என்று வந்தது. காலை மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க மதுரைக்குப் போனார். 14 இருந்தும் குறைக்காத டாக்டரை நான் நம்ப மாட்டேன்.

பள்ளத்தூர் மருந்தாளுநர்:
போட்டபின் எடுத்த 14-ஐ வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. முந்தின இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். பஸ் ஏறும்போது மாத்திரை பையில் இருக்கட்டும், ரத்தம் கொடுத்தபின் போடட்டும். அந்த ரிசல்ட்டோடு வேறு டாக்டரையும் பாருங்கள், நான் தடுக்கவில்லை.